வீட்டை விற்று வீடு வாங்கினால் வரி உண்டா?

லட்சக் கணக்கில் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் ஒரு தேதியைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு!

குடியிருந்த வீட்டை விற்பது லேசான காரியம் அல்ல. குழந்தைகள் வளர்ந்த இடம், கொல்லையில் வைத்த முருங்கை மரம், வாசலில் போட்ட திண்ணை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டும். ஆனாலும் விற்கத்தான் வேண்டியிருக்கிறது. குடும்பம் பெருகிவிட்டது, வீடு போதவில்லை என்று விற்கிறவர் உண்டு. மாடிப்படி ஏற முடியவில்லை, மகன் இருக்கும் ஊருக்கே போய்விடலாம் என்று விற்கிறவரும் உண்டு.

இப்படி விற்கிறவர்கள் யாரும் தங்களை லாபம் சம்பாதித்தவர்களாக நினைப்பதில்லை. "இங்கே விற்றேன், அங்கே வாங்கினேன். கையில் ஒரு காசு தங்கவில்லை. எனக்கு ஏது லாபம்?" என்றுதான் கேட்பார்கள்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் லாபம் என்கிறது சட்டம். அந்த லாபத்துக்கு "மூலதன ஆதாயம்" என்று பெயர். அதற்கு வரி உண்டு.

ஆனால், வரி போட்ட அதே சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு விற்ற லாபத்தை மற்றொரு வீட்டில் போட்டால் அந்த லாபத்துக்கு வரி இல்லை! இந்தச் சலுகையைத் தெரிந்து பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் வரி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தெரிந்தும், ஒரு தேதியைத் தவறவிட்டு நஷ்டப்படுகிறவர்கள்தான் பரிதாபத்துக்கு உரியவர்கள்.

வரி வந்த கதை

இந்த வரி நம் நாட்டுக்கு வந்தது 1947-ம் வருடம். சுதந்திரத்துக்கு முன்பு இருந்த இடைக்கால சர்க்காரில் லியாகத் அலிகான் நிதி மந்திரியாக இருந்தார். அவருடைய பட்ஜெட்டில்தான் மூலதன ஆதாய வரி முதன் முதலாகத் தலை காட்டியது. அது நீடிக்கவில்லை. 1949-ம் வருடப் பட்ஜெட்டில் நிதி மந்திரி ஜான் மத்தாய் அதை எடுத்துவிட்டார்.

1956-ம் வருடம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளாதார நிபுணர் நிக்கலஸ் கால்டார், இந்தியாவின் வரி முறையை ஆராய்ந்து யோசனைகள் கூறினார். மூலதன ஆதாயத்துக்கு வரி வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்த வருடமே வரி திரும்பி வந்தது. கொண்டு வந்தவர் அப்போதைய நிதி மந்திரி, சென்னையைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

பிறகு 1961-ம் வருடத்து வருமான வரிச் சட்டம் வந்தது. அதில் 54-வது பிரிவு, வீடு விற்று வீடு வாங்குகிறவர்களுக்குச் சலுகை கொடுத்தது. அந்தக் காலத்தில் நிபந்தனை கடுமையாக இருந்தது. விற்ற வீட்டில் சொந்தக்காரரோ அவருடைய தாய் தந்தையரோ இரண்டு வருடம் குடியிருந்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் புது வீடு வாங்கவேண்டும். அல்லது இரண்டு வருடத்துக்குள் கட்டவேண்டும். பிற்காலத்தில் இந்தக் கட்டுகள் தளர்ந்தன. வாடகைக்கு விட்டிருந்த வீட்டை விற்றாலும் இப்போது சலுகை உண்டு.

1961-ம் வருடச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ம் வருடத்து வருமான வரிச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதற்குத் தொடக்கத் தேதி 2026 ஏப்ரல் 1. பழைய 54-வது பிரிவு, புதுச் சட்டத்தில் 82-வது பிரிவு. எண் மாறியதே தவிர, சலுகை போய்விடவில்லை. 2026 மார்ச் 31 வரையில் நடந்த விற்பனைக்குப் பழைய சட்டப்படியே கணக்கு.

வரி எவ்வளவு?

வீடோ மனையோ, வாங்கி 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் அது "நீண்ட கால" ஆதாயம். அதற்குள் விற்றால் "குறுகிய கால" ஆதாயம். குறுகிய கால ஆதாயம் மற்ற வருமானத்தோடு சேர்ந்துவிடும். அதற்கு இந்த வீட்டுச் சலுகை கிடையாது.

நீண்ட கால ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி விகிதம் நூற்றுக்கு பன்னிரண்டரை. அதற்கு முன்பு நூற்றுக்கு இருபது. ஆனால் முன்பு ஒரு தயவு இருந்தது. விலைவாசி ஏறியதற்கு ஏற்ப, வாங்கிய விலையை உயர்த்திக் காட்டலாம். இதற்காக சர்க்கார் வருடந்தோறும் ஒரு குறியீட்டு எண் வெளியிடுகிறது. 2001-2002-ல் அது 100. 2025-2026-ல் 376. அதாவது 2001-ல் ஒரு ரூபாய் கொடுத்து வாங்கியதை, 2025-ல் மூன்று ரூபாய் எழுபத்தாறு காசு கொடுத்து வாங்கியதாகக் கணக்கிடலாம்.

புது விகிதத்தில் இந்தத் தயவு இல்லை. ஆனால் 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விதிவிலக்கு உண்டு. இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டினால் போதும். இது இந்தியாவில் குடியிருக்கும் தனி நபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கும் மட்டும்.

ஒரு ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் 2001 ஜூலையில் 10 லட்சத்துக்கு வீடு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூன் 10-ந் தேதி அதை 50 லட்சத்துக்கு விற்கிறார்.

புது வழி: 50 லட்சத்தில் 10 லட்சம் போக ஆதாயம் 40 லட்சம். பன்னிரண்டரை சதவிகிதம் வரி 5 லட்சம்.

பழைய வழி: 10 லட்சம், குறியீட்டு எண்ணின்படி 37 லட்சத்து 60 ஆயிரம் ஆகிறது. ஆதாயம் 12 லட்சத்து 40 ஆயிரம். இருபது சதவிகிதம் வரி 2 லட்சத்து 48 ஆயிரம்.

பழைய வழிதான் அவருக்கு லாபம். ஒரே வீடு, ஒரே விற்பனை. கணக்குப் போடும் விதத்தில் மட்டும் 2 லட்சத்து 52 ஆயிரம் ரூபாய் வித்தியாசம்! இந்த வரித் தொகைக்கு மேல் 4 சதவிகித செஸ் தனி. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் உபரி வரியும் சேரும்.

விற்றவர் புது வீடு வாங்கிவிட்டால்? 2 லட்சத்து 48 ஆயிரமும் இல்லை, 5 லட்சமும் இல்லை. வரியே இல்லை!

சலுகைக்கு என்ன நிபந்தனை?

விற்பது குடியிருப்பு வீடாக இருக்கவேண்டும். விற்கிறவர் தனி நபராகவோ, இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருக்கவேண்டும். கம்பெனிகளுக்கு இது கிடையாது.

புது வீட்டை, விற்ற தேதிக்கு முன்னால் ஒரு வருடத்துக்குள்ளோ, பின்னால் இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கவேண்டும். கட்டுவதாக இருந்தால் விற்ற தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் கட்டவேண்டும்.

மேலே சொன்ன தலைமை ஆசிரியர் 2024 ஜூனுக்குப் பிறகே ஒரு வீடு வாங்கியிருந்தாலும் அது கணக்கில் சேரும். வாங்காவிட்டால் 2027 ஜூன் வரை வாங்க அவகாசம். கட்டுகிறதென்றால் 2028 ஜூன் வரை.

எவ்வளவு பணம் போடவேண்டும்? இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். விற்ற பணம் முழுவதையும் போடவேண்டியதில்லை. ஆதாயத்தைப் போட்டால் போதும். ஆதாயத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ புது வீட்டின் விலை இருந்தால் முழு விலக்கு. குறைவாக இருந்தால், போட்ட அளவுக்கு விலக்கு, மீதிக்கு வரி. பத்திரச் செலவும் ரிஜிஸ்திரேஷன் கட்டணமும் வீட்டின் விலையோடு சேர்ந்தவையே.

புது வீடு இந்தியாவில்தான் இருக்கவேண்டும். இது 2014-ம் வருடத் திருத்தத்தில் தெளிவாக்கப்பட்டது. சிங்கப்பூரில் குடியிருக்கும் ஒருவர் தமது மதுரை வீட்டை விற்று, அங்கே வீடு வாங்கினால் சலுகை இல்லை. கோயமுத்தூரில் வாங்கினால் உண்டு. அவருக்கு 60 லட்சம் ஆதாயம். 45 லட்சத்துக்குப் புது வீடு என்றால், மீதி 15 லட்சத்துக்கு வரி 1 லட்சத்து 87 ஆயிரத்து 500 ரூபாய். வெளிநாட்டில் குடியிருப்பதால் பழைய வழிக் கணக்கு அவருக்குக் கிடையாது.

ஒரு வீட்டுக்குத்தான் சலுகை. ஆனால் 2019-ம் வருடத் திருத்தம் ஒரு விதிவிலக்குக் கொடுத்தது. ஆதாயம் 2 கோடிக்கு மேற்படாவிட்டால் இரண்டு வீடு வாங்கலாம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு இது பெரிய உதவி. ஆயுளில் ஒரு தடவைதான் இதைப் பயன்படுத்தலாம். 2023-ம் வருடத் திருத்தம் மேல் வரம்பு ஒன்றைக் கட்டியது. புது வீடு எத்தனை கோடி பெறுமானதாக இருந்தாலும், 10 கோடி வரையில்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

ஜூலை 31!

சலுகையின் உயிர் நாடி இந்தத் தேதியில் இருக்கிறது.

புது வீடு வாங்க இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் அதற்கு முன்பே வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நாள் வந்துவிடுகிறது. சம்பளக்காரர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் அது பொதுவாக ஜூலை 31. தலைமை ஆசிரியர் 2025 ஜூனில் விற்றதற்கு, 2026 ஜூலை 31-க்குள் கணக்குக் கொடுக்கவேண்டும்.

அந்த நாளுக்குள் வீட்டில் போடாத ஆதாயப் பணத்தை என்ன செய்வது? பாங்கியில் அதற்கென்றே ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. "மூலதன ஆதாயக் கணக்கு" என்று பெயர். 1988-ம் வருடத் திட்டம் இது. அந்தக் கணக்கில் போட்டுவிட்டால், வீட்டில் போட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் பலன் இல்லை. பிக்ஸட் டெபாசிட்டில் கிடந்தாலும் பலன் இல்லை. ஆடிட்டர்களின் அறையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"பணம் பத்திரமாக பாங்கியில்தான் ஸார் இருக்கிறது. ஒரு பைசா எடுக்கவில்லை."

"எந்தக் கணக்கில் போட்டிருக்கிறீர்கள் அம்மா?"

"பிக்ஸட் டெபாசிட்டில் ஸார். வட்டி கூட வருமே என்று என் தம்பி சொன்னான்."

"வீடு பார்த்துவிட்டீர்களா?"

"பார்த்தாயிற்று. ஐப்பசியில் ரிஜிஸ்தர் செய்யலாம் என்றிருக்கிறோம். இரண்டு வருஷம் டயம் உண்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"வாங்குவதற்கு இரண்டு வருஷம் அம்மா. ஜூலைக்குள் தனிக் கணக்கில் போட்டிருக்க வேண்டுமே!"

அந்த அம்மாள் பணத்தைச் செலவழிக்கவில்லை, ஒளிக்கவுமில்லை. வீடு வாங்கவும் போகிறார். ஆனாலும் வரி இலாகா அவருடைய சலுகையை மறுக்க இடம் இருக்கிறது. கெடு தாண்டியவர்களுக்கு இரக்கம் காட்டிய ஐகோர்ட்டுத் தீர்ப்புகள் உண்டு. ஆனால் அதற்கு அப்பீல், வக்கீல், வருடக் கணக்கில் அலைச்சல் எல்லாம் வேண்டும். பாங்கிக்கு ஒரு நடை போயிருந்தால் ஒன்றும் வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் இரண்டு வகை. "ஏ" கணக்கு, சேமிப்புக் கணக்கு மாதிரி, வேண்டும்போது எடுக்கலாம். "பி" கணக்கு, டெபாசிட் மாதிரி, வட்டி கூடுதல். வீடு கட்டுகிறவர்கள் இரண்டிலும் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். கிராமப்புறக் கிளைகளில் இந்தக் கணக்குத் தொடங்க முடியாது. எடுத்த பணத்தை 60 நாளைக்குள் வீட்டுக்குச் செலவழிக்க வேண்டும். வட்டிக்கு வரி உண்டு. கணக்கை மூடிப் பணம் எடுக்க, வருமான வரி அதிகாரியின் சம்மதம் தேவை.

மூன்று வருடம் முடிந்தும் பணம் மீதி இருந்தால், அது அந்த வருடத்து ஆதாயமாகிவிடும். அப்போது வரி கட்டவேண்டும்.

கணக்கில் பணம் போட்டவர் இடையில் காலமாகிவிட்டால்? செலவழிக்காமல் மீந்த தொகையை வாரிசுகளின் வருமானமாகக் கருதி வரி போடக்கூடாது என்று மத்திய நேரடி வரி வாரியம் 1996-ம் வருடமே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பல குடும்பங்களுக்கு இது தெரியாது.

அப்பா வைத்துவிட்டுப் போன வீடு

பிதுரார்ஜித வீட்டை விற்கும்போது ஒரு சந்தேகம் வரும். "நாங்கள் விலை கொடுத்து வாங்கவில்லையே! விற்ற பணம் முழுவதும் லாபம்தானா?" என்பார்கள்.

இல்லை. அப்பா வாங்கிய விலைதான் பிள்ளைகளுக்கும் விலை. அப்பா வைத்திருந்த காலமும் பிள்ளைகளின் காலத்தோடு சேரும். 2001 ஏப்ரல் 1-ந் தேதிக்கு முன்பு வாங்கியதானால், அந்தத் தேதியில் என்ன விலை போகுமோ அதையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய சர்க்கார் வழிகாட்டி மதிப்பு இருந்தால், அதற்கு மேல் காட்டக் கூடாது.

திருச்சியில் ஒரு வீடு. அப்பா 1975-ல் வாங்கினார், 1998-ல் காலமானார். அண்ணன், தங்கை, தம்பி மூவருக்கும் சம பங்கு. 2001-ல் வீட்டின் மதிப்பு 6 லட்சம். 2025-ல் 60 லட்சத்துக்கு விற்கிறார்கள். ஆளுக்கு 20 லட்சம்.

ஒவ்வொருவருக்கும் 2001 மதிப்பில் பங்கு 2 லட்சம். புது வழியில் ஆதாயம் 18 லட்சம். வரி 2 லட்சத்து 25 ஆயிரம். பழைய வழியில் 2 லட்சம் 7 லட்சத்து 52 ஆயிரமாகிறது. ஆதாயம் 12 லட்சத்து 48 ஆயிரம். வரி 2 லட்சத்து 49 ஆயிரத்து 600. தலைமை ஆசிரியருக்குப் பழைய வழி லாபம். இவர்களுக்குப் புது வழி லாபம். அதனால்தான் இரண்டையும் போட்டுப் பார்க்கவேண்டும் என்பது.

அண்ணன் 25 லட்சத்துக்கு அடுக்கு மாடி வீடு ஒன்று வாங்குகிறார். அவருக்கு வரி இல்லை. தங்கைக்குச் சொந்த மனை இருக்கிறது. அதில் 20 லட்சம் செலவில் மூன்று வருடத்துக்குள் வீடு கட்டுகிறார். அவருக்கும் வரி இல்லை.

தம்பிக்கு வீடு வேண்டாம். அவருக்கு வேறு ஒரு வழி இருக்கிறது. கிராம மின்சாரக் கழகம், மின்சார நிதிக் கழகம், ரெயில்வே நிதிக் கழகம் போன்ற சர்க்கார் சார்பு நிறுவனங்கள் இதற்கென்று கடன் பத்திரங்கள் வெளியிடுகின்றன. விற்ற ஆறு மாதத்துக்குள் ஆதாயத்தை அதில் போட்டால் விலக்கு உண்டு. உச்ச வரம்பு 50 லட்சம். ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது. பத்திரத்தை அடகு வைத்துக் கடன் வாங்கவும் கூடாது. வட்டிக்கு வரி உண்டு. பழைய சட்டத்தில் இது 54 இ.சி. பிரிவு, புதுச் சட்டத்தில் 85-வது பிரிவு.

ஒரே வீட்டுப் பணம். மூன்று பேர், மூன்று வழி. அவரவர் பங்குக்கு அவரவர் தனித்தனியே சலுகை கேட்கலாம்.

மனையை விற்றால்?

விற்றது வீடாக இல்லாமல் காலி மனையாகவோ, நகையாகவோ, பங்குப் பத்திரமாகவோ இருந்தாலும் வீட்டுச் சலுகை உண்டு. இது 1982-ம் வருடம் சட்டத்தில் சேர்ந்த 54 எப் பிரிவு. புதுச் சட்டத்தில் 86-வது பிரிவு. ஆனால் இதன் கணக்கு வேறு. இங்கே ஆதாயத்தை மட்டும் போட்டால் போதாது. செலவு போக விற்ற பணம் முழுவதையும் வீட்டில் போடவேண்டும். ஒரு பகுதி போட்டால் அந்த விகிதத்தில்தான் விலக்கு.

மனை விற்ற பணம் 40 லட்சம். அதில் ஆதாயம் 30 லட்சம். வீட்டில் போட்டது 20 லட்சம், அதாவது பாதி. எனவே ஆதாயத்திலும் பாதிக்கு, 15 லட்சத்துக்கு மட்டும் விலக்கு.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மனையை விற்ற தேதியில் அவருக்கு, புது வீட்டைத் தவிர, ஒரு வீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

கிராமத்து விவசாய நிலத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது மூலதனச் சொத்தாகவே கருதப்படுவதில்லை; விற்றால் இந்த வரி கிடையாது. ஆனால் நகராட்சி எல்லைக்குப் பக்கத்து நிலம் என்றால் கவனிக்கவேண்டும். ஜனத்தொகை 10 ஆயிரத்துக்கு மேல் 1 லட்சம் வரை உள்ள ஊரின் எல்லையிலிருந்து 2 கிலோ மீட்டர், 10 லட்சம் வரை உள்ள ஊருக்கு 6 கிலோ மீட்டர், அதற்கு மேற்பட்ட நகருக்கு 8 கிலோ மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் வரி உண்டு. தூரம் நேர்கோட்டில் அளக்கப்படும். ரோட்டு வழியாக அல்ல.

எங்கே சறுக்கும்?

முதலாவது, பத்திரத்தில் குறைத்து எழுதுவது. விலை 50 லட்சம், பத்திரத்தில் 40 லட்சம் என்று எழுதிவிட்டால் ஆதாயம் குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சர்க்கார் வழிகாட்டி மதிப்பு, பத்திர விலையைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக வரி இலாகா எடுத்துக்கொள்ளும். அது மட்டுமல்ல. 2015 ஜூன் 1 முதல், வீடு நில விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

இரண்டாவது, வாங்குகிறவர் பிடிக்கும் வரி. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குகிறவர் நூற்றுக்கு ஒன்று பிடித்து சர்க்காருக்குக் கட்டவேண்டும். தலைமை ஆசிரியரின் 50 லட்சத்தில் 50 ஆயிரம் இப்படிப் போகும். "நான்தான் வீடு வாங்கிவிட்டேனே, எனக்கு வரி இல்லையே!" என்று அவர் கணக்குக் கொடுக்காமல் இருந்தால் அந்தப் பணம் திரும்பாது. கணக்குத் தாக்கல் செய்தால்தான் சலுகையும் கிடைக்கும். பிடித்த பணமும் கட்டவேண்டிய வரி போகத் திரும்பும். விற்கிறவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் பிடிக்கும் விகிதம் வேறு. அது மிகவும் அதிகம்.

மூன்றாவது, புது வீட்டை அவசரப்பட்டு விற்பது. வாங்கி மூன்று வருடத்துக்குள் விற்றால், முன்பு விட்டுக்கொடுத்த வரியை சட்டம் திரும்பக் கேட்கும். விலக்குப் பெற்ற ஆதாயத்தை, புது வீட்டின் வாங்கிய விலையிலிருந்து கழித்துவிடுவார்கள். 45 லட்சத்துக்கு வாங்கிய வீடு. விலக்குப் பெற்றது 40 லட்சம் என்றால், வீட்டை 5 லட்சத்துக்கு வாங்கியதாகவே கணக்கு.

நான்காவது, யார் பெயரில் வாங்குவது என்பது. விற்றவர் பெயரிலேயே வாங்குவதுதான் உத்தமம். மனைவி பெயரில் வாங்கிய வீட்டுக்குச் சலுகை உண்டு என்று சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. மகன் பெயரில் வாங்கியதற்குச் சலுகை இல்லை என்று பம்பாய் ஐகோர்ட்டில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆசையாகப் பிள்ளை பெயரில் எழுதப் போய், கோர்ட்டு ஏறவேண்டி வரும்.

ஐந்தாவது, மனை வாங்கிப் போட்டுவிட்டு சும்மா இருப்பது. மனை மட்டும் வீடு ஆகாது. மூன்று வருடத்துக்குள் அதில் வீடு எழும்பவேண்டும். வேலை தொடங்கிப் பணமும் செலவழித்த பிறகு, பூச்சு வேலை பாக்கி என்பது போன்ற காரணத்துக்காகச் சலுகையை மறுக்கக் கூடாது என்று கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. ஆனால் அஸ்திவாரமே போடாதவருக்கு அந்தத் தீர்ப்புகள் கை கொடுக்கா.

வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

வரி இலாகாவிலிருந்து நோட்டீசு வருவது, விற்ற மறு மாதமே அல்ல. வருடங்கள் கழித்தும் வரலாம். அப்போது வாய்ச் சொல் எடுபடாது, காகிதம்தான் பேசும்.

பழைய வீட்டின் தாய்ப் பத்திரம், விற்ற கிரயப் பத்திரத்தின் நகல், புது வீட்டின் பத்திரம் இவற்றை ஒன்றாக வைத்திருக்கவேண்டும். பழைய வீட்டில் மாடி எடுத்திருந்தால் அதன் பில்லுகளும் வேண்டும். அந்தச் செலவும் வாங்கிய விலையோடு சேரும். தரகர் கமிஷனுக்கு ரசீது இருந்தால், அதை விற்ற விலையிலிருந்து கழிக்கலாம். வீடு கட்டுகிறவர்கள் செங்கல், சிமெண்டு, கம்பி வாங்கிய பில்லையும் மேஸ்திரிக்குக் கொடுத்த பணத்தின் கணக்கையும் தேதி வாரியாகக் கோத்து வைக்கவேண்டும். பணத்தைச் செக்காகவோ, பாங்கி மூலமாகவோ கொடுப்பது நல்லது.

2001-க்கு முந்திய பழைய வீடானால், அந்த வருடத்து மதிப்பைத் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். விற்ற பிறகு தேடுவதைவிட, விற்பதற்கு முன்பே வாங்குவது எளிது.

ஆடிட்டரிடம் போவதும் அப்படித்தான். பெரும்பாலோர் வீட்டை விற்று, பணத்தை நாலு இடத்தில் பிரித்துப் போட்டு, ஜூலை மாதம் கடைசி வாரத்தில்தான் போகிறார்கள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே ஒரு தடவை போனால், எந்தத் தேதியில் விற்றால் எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். ஏப்ரல் மாதத்தில் விற்றவருக்குக் கணக்குக் கொடுக்க ஏறத்தாழ பதினாறு மாதம் கிடைக்கிறது. மார்ச் மாதக் கடைசியில் விற்றவருக்கு நாலு மாதம்தான். பத்து நாள் முன்னே பின்னே ரிஜிஸ்தர் செய்வதில் ஒரு வருட அவகாசம் அடங்கியிருக்கிறது. நல்ல நாள் பார்க்கிற பஞ்சாங்கத்தோடு இந்தக் காலண்டரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.